சக்கரம் வச்ச சுமைதாங்கி

இந்தப் பக்கம் தலைகாட்டி ரெண்டு மாசம் இருக்கும். செமஸ்டர், லேப், வைவான்னு ஏகப்பட்ட ஆணி. கடை மூடியாச்சுன்னு யாரும் நினைச்சுடாதீங்க, மொக்கை போட ஆள் இன்னும் இங்கதான் இருக்கேன் :-)

இந்தப் பதிவு ஒரு விறகு வண்டியைப் பத்தினது. நானே அளந்து, நானே படம் போட்டு, நானே ரெண்டு தடவை சொதப்பி, மூணாவது தடவை ஒழுங்கா உருண்ட வண்டி. "எண்ணெய்க் கிணத்து மேல உக்காந்துக்கிட்டு விறகு வண்டியா?"ன்னு கேப்பீங்க. நானும் சார்ஜா வந்த புதுசுல அப்படித்தான் நினைச்சேன். அமீரகத்துல யாரு விறகு எரிக்கப் போறான்னு.

நிறைய பேர் எரிக்கிறாங்க. நவம்பர்ல குளிர் எட்டிப் பாத்ததும் குடும்பம் குடும்பமா பாலைவனத்துல கூடாரம் போட்டு, விறகு மூட்டி, சுத்தி உக்காந்து டீ குடிக்கிறது வளைகுடா முழுக்க இருக்கிற வழக்கம். குவைத்துல அதுக்குன்னே நவம்பர் 15லிருந்து மார்ச் 15 வரைக்கும் கூடார சீசன் உண்டு. அது குளிர்காலக் கதை. வருஷம் பூரா விறகு எரியிற இடம் மந்தி கடை.

மந்தி சாப்பிடாதவங்களுக்காக ரெண்டு வரி. ஏமன் நாட்டு ஹத்ரமௌத் பக்கத்துச் சாப்பாடு இது. தரைக்குள்ள பீப்பா மாதிரி ஆழமா ஒரு குழி அடுப்பு. அதுல விறகைப் போட்டு எரிச்சு, நெருப்பெல்லாம் அடங்கித் தணலானதும் அரிசிப் பானையை உள்ள இறக்குவாங்க. அதுக்கு மேல கறி. அப்புறம் மூடி போட்டு, காத்துப் போகாம அடைச்சுடுவாங்க. கறியில இருந்து சொட்டுற கொழுப்பு நேரா அரிசியில விழும். அந்த வாசனைக்கே பாதி சார்ஜா வெள்ளிக்கிழமை மத்தியானம் வரிசையில நிக்கும். கேஸ்ல சமைச்சா அந்த வாசனை வராதுங்கிறது சாப்பிடுறவங்க தீர்ப்பு. அதனால விறகு.

ஊர்ல விறகு மண்டி, இங்க மந்திக்கு விறகு. அந்த விறகைச் சுமக்குற ஆள்ல ஒருத்தர் எங்க மாமா.

கொசுவத்தி சுத்துறேன், பொறுத்துக்கோங்க

மாமான்னா எங்க அம்மாவோட தம்பி. சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்துல ஒரு கிராமம். அந்தச் சீமையில வெள்ளாமை பொய்ச்ச வருஷமெல்லாம் சனங்களைக் காப்பாத்துனது கரிமூட்டம்தான். சீமைக் கருவேல மரத்தை வெட்டி, கோபுரமா அடுக்கி, மேல வைக்கோலும் செத்தையும் போட்டு, மண்ணு பூசி, காத்து ரொம்பப் போகாம நாள் கணக்குல உள்ளுக்குள்ளயே பொகைய விடுவாங்க. பிரிச்சா கரி. மாமா பதினஞ்சு வயசுலயே மூட்டம் அடுக்கப் போனவரு. விறகைத் தட்டிப் பாத்தே ஈரம் இருக்கா இல்லையான்னு சொல்லிடுவாரு.

அப்படிப்பட்டவரு இங்க வந்து ஆறு வருஷமா மந்தி கடையில விறகு ஆளு. கடை பேரு வேணாம், ஆட்டோ வந்துடும். நான் இங்க படிக்க வந்ததுல பாதிக் காசு அவரு சம்பளம். இதை அவரு ஒரு தடவை கூடச் சொல்லிக் காட்டினதில்ல. எனக்குத்தான் அப்பப்ப உறைக்கும்.

சார்ஜாவுல 2022 ஜனவரியிலிருந்து அரசாங்கத்துக்கு வாரம் நாலு நாள்தான் வேலை. வெள்ளி, சனி, ஞாயிறு லீவு. எங்க காலேஜும் அப்படியே. ஒரு வெள்ளிக்கிழமை காலைல மாமாவைப் பாத்துட்டு வரலாம்னு கடைக்குப் பின்னாடி போனேன். சட்டையைக் கழட்டிட்டு முகம் கழுவிக்கிட்டு இருந்தாரு. வலது தோள்ல மாட்டுக்குக் காய்க்குமே, அந்த மாதிரி காய்ப்பு. தோளெலும்பு மேல கறுப்பா, தடிப்பா. "என்ன மாமா இது?"ன்னேன். "அது கெடக்கு மாப்ள, டீ குடிக்கிறியா?"ன்னாரு.

அன்னிக்கு ஒரு மணி நேரம் சும்மா உக்காந்து பாத்தேன். விறகு வண்டி வந்து சந்துல கொட்டிட்டுப் போயிடும். கொட்டின இடத்துல இருந்து அடுப்பறைக்கு என் நடையில அளந்தா முப்பத்தஞ்சு மீட்டர். குனிஞ்சு, விறகைக் கட்டி, தோளுக்கு ஏத்தி, நடந்து, ரெண்டு சென்டிமீட்டர் உயர நிலைப்படியைத் தாண்டி, உள்ள போய்த் தொப்புனு போட்டுட்டு, திரும்பி வரணும். ஒரு கட்டு இருபத்தஞ்சு கிலோ. கடைக்கு ஒரு நாளைக்கு நானூறு கிலோ வேணும். மாமாவும், கூட ஒரு பங்களாதேஷ் தம்பியும் பாதிப் பாதி. ஆளுக்கு எட்டு நடை.

கால்குலேட்டரை எடுத்தேன். மாமா பங்கு ஒரு நாளைக்கு 200 கிலோ. வருஷத்துக்கு 360 நாள்னு வச்சாலும் 72 டன். ஆறு வருஷத்துல 432 டன். ஒரு லாரிக்குப் பத்து டன்னு வச்சா நாப்பத்து மூணு லாரி சரக்கு அந்த ஒத்தைத் தோள் வழியா போயிருக்கு. தொண்டைய அடைச்சுக்கிச்சு மக்கா.

இன்னொரு கணக்கும் பாடத்துல படிச்சிருந்தேன். அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி பண்ற நியோஷ்ங்கிற அமைப்பு 1991ல் திருத்தின தூக்கும் சமன்பாடு. எல்லாம் வசதியா அமைஞ்சா, அதாவது குனியாம, திரும்பாம, உடம்போட ஒட்டிப் புடிச்சு, எப்பவாச்சும் ஒரு தடவை தூக்கினா 23 கிலோ வரைக்கும் பரவால்லைங்கிறாங்க. தரையில இருந்து குனிஞ்சு எடுத்தா அது குறையும். இடுப்பைத் திருப்பினா இன்னும் குறையும். அடிக்கடி தூக்கினா இன்னும் குறையும். மாமா மூணையும் சேத்துப் பண்றாரு, 25 கிலோவோட.

இந்தப் பாடத்துல எனக்கு ஏ கிரேடு. மாமாவுக்குத் தோள்ல காய்ப்பு.

ஊர்ல இதுக்கு ஒரு கல் இருந்துச்சு

அன்னிக்கு ராத்திரி யோசிச்சப்ப ஞாபகம் வந்தது எங்க ஊர் ரோட்டோரத்துச் சுமைதாங்கிக் கல். ரெண்டு கல்லை நட்டு, மேல ஒரு கல்லைக் குறுக்க படுக்க வச்சிருப்பாங்க. நிறைய பேர் பாத்திருப்பீங்க. தலைச்சுமையோட நடந்து வர்றவங்க யார் உதவியும் இல்லாம சுமையை அதுல சாய்ச்சு இறக்கிட்டு, இளைப்பாறி, திரும்ப அப்படியே ஏத்திக்கிட்டுப் போறதுக்கு. கர்ப்பமா இருக்கும்போதே செத்துப்போன பொண்ணுங்க நினைவா அதை நட்டு வைக்கிறது வழக்கம். அந்தப் பொண்ணு இறக்கி வைக்க முடியாமப் போன சுமையை மத்தவங்களாச்சும் இறக்கி வைக்கட்டும்னு.

அந்தக் கல்லுல ஒரு பெரிய இன்ஜினியரிங் இருக்கு. கல்லு தரையில இல்ல, ஆள் உயரத்துல இருக்கு. சுமக்குறதை விட மோசமானது குனிஞ்சு தூக்குறதுன்னு நம்மாளுங்களுக்கு சமன்பாடு இல்லாமலே தெரிஞ்சிருக்கு.

திருவிளையாடல் புராணத்துல விறகு விற்ற படலம்னு ஒண்ணு உண்டு. 1965ல வந்த படத்துல சிவாஜி விறகோட வருவாரே, அதே கதைதான். பாணபத்திரருக்காகச் சொக்கநாதரே விறகு சுமந்து மதுரைத் தெருவுல வர்றாரு. சாமியா இருந்தாலும் விறகுன்னா சுமந்துதான் ஆகணும் போல. அவருக்கும் யாரும் ஒரு வண்டி செஞ்சு குடுக்கல.

முடிவு பண்ணேன். சக்கரம் வச்ச சுமைதாங்கி ஒண்ணு செய்யணும். விறகைக் கொட்டின இடத்துலயே அதுல அடுக்கி, தள்ளிக்கிட்டுப் போய், அடுப்பு பக்கத்துல நிறுத்திட்டா, அதுல இருந்தே எடுத்து எரிக்கலாம். இறக்குற வேலையே இல்ல.

முதல் சொதப்பல்

இங்க சாமான் இறக்குற மரப் பலகைச் சட்டம், அதாங்க பேலட், எங்க பாத்தாலும் கிடக்கும். ஒண்ணு கேட்டு வாங்கினேன். ரெண்டு பக்கமும் மரச்சட்டம் நிறுத்தி ஆணி அடிச்சேன். நாலு மூலைக்கும் மூணு இஞ்ச் சக்கரம், நாலுமே சுத்துற சக்கரம். ஆபீஸ் நாற்காலி மாதிரி சும்மா வழுக்கிட்டுப் போகும்னு கனவு.

காலியா இருந்தப்ப போச்சு. விறகு அடுக்கினதும் சந்துல பதிச்சிருக்கிற இன்டர்லாக் கல்லு இடுக்குல ஒரு சக்கரம் மாட்டிக்கிச்சு. எடுத்துவிட்டா சரிவுல நண்டு மாதிரி பக்கவாட்டுல நகருது. நிலைப்படிக்கிட்ட போனதும் முன்சக்கரம் ரெண்டும் முட்டி நின்னுடுச்சு. நான் பின்னாடி இருந்து ஓங்கித் தள்ள, வண்டி நின்ன இடத்துலயே இருக்க, மேல இருந்த விறகு மட்டும் முன்னாடி சரிஞ்சுது. முன்னாடி நின்னவரு மாமா. ஒரு கட்டை அவரு கால் பெருவிரலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்துச்சு.

அவரு சிரிச்சாரு. எனக்குக் கை நடுங்கிருச்சு. தோளைக் காப்பாத்தப் போயி காலை எடுக்கப் பாத்தேன்.

ரூமுக்கு வந்து கணக்குப் போட்டேன். போட்டுட்டு செஞ்சிருக்கணும், செஞ்சுட்டுப் போட்டேன், அவ்வ்வ். ரெண்டு சென்டிமீட்டர் படியை ஏற மூணு இஞ்ச் சக்கரத்துக்கு, அந்தச் சக்கரத்து மேல இருக்கிற எடையைப் போல கிட்டத்தட்ட 1.9 மடங்கு விசை வேணும். அதாவது தள்ளுறதுக்குப் பதிலா தூக்கிட்டே போயிடலாம். அதே படிக்கு எட்டு இஞ்ச் சக்கரம்னா 0.75 மடங்கு போதும். சக்கரம் பெருசாகப் பெருசாக, படி சின்னதாகுது. மாட்டு வண்டிச் சக்கரம் ஏன் ஆள் உசரம் இருக்குன்னு அன்னிக்குத்தான் மண்டையில ஏறுச்சு.

ரெண்டாவது சொதப்பல், முள்ளு ரூபத்துல

அடுத்த தடவை மரம் வேணாம், இரும்புன்னு முடிவு பண்ணேன். அடுப்பறையில நிக்கப் போறது, மரச்சட்டம் வச்சா வண்டியே விறகாயிடும். இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல வெல்டிங் பட்டறையில வேலை பாக்குற நம்ம ஊர் அண்ணன் ஒருத்தரு, "சாமானை வாங்கிட்டு வா தம்பி, பத்த வச்சுத் தர்றேன், பிரியாணி மட்டும் போதும்"னாரு. ஒன்றரை இஞ்ச் ஸ்கொயர் பைப் ரெண்டு நீளம் வாங்கி வெட்டினோம்.

சக்கரத்துக்கு, கட்டட வேலையில சிமெண்ட் தள்ளுற ஒத்தைச் சக்கர வண்டியோட காத்தடிக்கிற டயர் நாலு கிடைச்சுது. பெரிய சக்கரம், மேடு பள்ளம் தெரியாம மெத்துன்னு போச்சு. மாமா முகத்துல ஒரு வெளிச்சம். மூணாவது நாள் ரெண்டு டயர் பஞ்சர். ஒட்டினோம். அஞ்சாவது நாள் மறுபடி.

காரணம் முள்ளு. இந்தக் கடைக்கு வர்றதுல பாதி சமுர் விறகு. நம்மூர் வேலமரத்துக்குச் சொந்தக்காரன், குடை விரிச்ச மாதிரி நிக்கிற பாலைவன மரம். கெட்டி மரம், பொகை கம்மி, தணல் நின்னு எரியும். அதனால அரபிகளுக்கு அது மேல தனி மோகம். ஆனா உடம்பெல்லாம் முள்ளு. கிளையில இருந்து உதிர்ந்த முள்ளு சந்து பூரா கிடக்கு. கருவக்காட்டுக்குள்ள சைக்கிள் ஓட்டி வளந்த பய நான், இது எனக்குத் தோணியிருக்கணும். மாமா சொன்னாரு: "மாப்ள, நம்ம ஊர்ல பஞ்சர் கடைக்காரன் பொழைக்கிறதே இதனாலதானடா."

இந்த இடத்துல மரத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. விறகு லோடு வந்தா மாமா ஒவ்வொரு கட்டையா பாப்பாரு. ஒரு நாள் ஒரு கட்டையை எடுத்து மோந்து பாத்துட்டு, "இது நம்ம சீமக்கருவேலு மாப்ள"ன்னாரு. நம்பல. அப்புறம் படிச்சா உண்மைதான். அமெரிக்கக் கண்டத்து மரம் அது. இந்தியாவுக்கு 1870கள்ல வந்து ராமநாதபுரத்தைப் புடிச்ச மாதிரி, இங்கயும் பசுமைக்காகன்னு நட்டு வளத்து, இப்ப தானாப் பரவி நிக்குது. நம்மளை மாதிரி அதுவும் வளைகுடாவுக்கு வந்து செட்டிலாயிடுச்சு :-)

இன்னொரு மரம் காஃப். அமீரகம் 2008ல தேசிய மரமா அறிவிச்சது. 2019ஐ சகிப்புத்தன்மை ஆண்டுன்னு கொண்டாடினப்ப அதுக்குச் சின்னமும் இந்த மரம்தான். இதை இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது. இந்தக் காஃப் யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம வன்னி மரம். விருத்தாசலம் கோயில்ல தல விருட்சமா நிக்கிற அதே வன்னி, பாண்டவங்க ஆயுதத்தை ஒளிச்சு வச்ச அதே வன்னி. ராஜஸ்தான்ல இதுக்குக் கேஜ்ரின்னு பேரு. 1730ல கேஜர்லி கிராமத்துல ராஜாவோட ஆளுங்க இதை வெட்ட வந்தப்ப, மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு 363 பிஷ்னோய் மக்கள் உயிரை விட்டாங்க. இதை மாமாக்கிட்ட சொன்னேன். "நாங்க மூட்டத்துக்கு வன்னியை வெட்டினதே இல்லடா, தாத்தா விடமாட்டாரு"ன்னாரு. ரெண்டு பாலைவனத்துலயும் ஒரே சட்டம்.

மூணாவது தடவை உருண்டது

சரி, வண்டிக்கு வருவோம். செஞ்சு பாக்கணும்னு நினைக்கிறவங்களுக்காகக் கணக்கோட சொல்றேன்.

நீளம் 100 சென்டிமீட்டர், அகலம் 60. அடுப்பறைக் கதவு 80 தான், அதுக்குள்ள நுழையணும். விறகு உக்கார்ற தளம் தரையில இருந்து 45 சென்டிமீட்டர் உயரம், சுமைதாங்கிக் கல்லை நினைச்சு. அதுக்கும் கீழ குனிய வேண்டாம். ரெண்டு ஓரத்துலயும் நிமிர்ந்த சட்டம். அதுல தளத்துக்கு மேல 60 சென்டிமீட்டர்ல சிவப்புப் பெயிண்ட்ல ஒரு கோடு. அதைத் தாண்டி அடுக்கக் கூடாது. உயரம் ஏற ஏற வண்டி குடை சாயும். கோடு வரைக்கும் அடுக்கினா பாரத்தோட மையம் தரையில இருந்து சுமார் 75 சென்டிமீட்டர்ல இருக்கும், பக்கவாட்டுல இருபது டிகிரி சரிஞ்சாலும் கவிழாது. சந்துல அவ்வளவு சரிவு கிடையாது.

எடை? அடுக்கின விறகுக்கு நடுவுல சந்து இருக்கும், பத்துல ஆறு பங்குதான் மரம். இந்த மாதிரி கெட்டி மரம் கன மீட்டருக்குச் சுமார் 800 கிலோ. பெருக்கினா ஒரு லோடு 170 கிலோ சொச்சம். வண்டி எடை 30. ஆக 200.

இதை நாலு சக்கரத்துக்கும் அம்பது அம்பதுன்னு பிரிச்சா அதுதான் தப்பு. தரை சமமா இருக்காது, எப்பவும் ஒரு சக்கரம் அந்தரத்துல இருக்கும். அதனால மூணு சக்கரம்தான் சுமக்குதுன்னு வச்சுத்தான் கணக்குப் போடணும். சக்கரத்துக்கு 67 கிலோ. நான் நூறு கிலோ தாங்குற எட்டு இஞ்ச் கெட்டி ரப்பர் சக்கரம் வாங்கினேன். முள்ளு குத்தினாலும் அதுக்குக் கவலையில்ல. முன்னாடி ரெண்டும் திரும்பாத சக்கரம், கைப்பிடி பக்கம் ரெண்டும் சுத்துற சக்கரம், அதுல பிரேக்கும் உண்டு. இப்ப நண்டு நடை இல்ல. கைப்பிடி முழங்கை உயரத்துல. இழுக்கக் கூடாது, தள்ளணும். இழுத்தா வண்டி குதிகால்ல ஏறும், முதுகும் திரும்பும்.

நிலைப்படிக்கு ரெண்டு பக்கமும் ஒரு இரும்புத் தகடைச் சரிவா போட்டாச்சு. எட்டு இஞ்ச் சக்கரம் வாங்குனதோட விட்டிருக்கலாம், ஆனா அந்தப் பெருவிரல் ஞாபகம் போகல.

தளத்துல பலகை போடல, இடைவெளி விட்டு பைப்தான். மண்ணும் முள்ளும் கீழ உதிர்ந்துடும், காத்தும் போகும். விறகு தரையில கிடந்தா அடியில தேள் குடியேறும். அது இங்க நிஜமாவே நடக்குற விஷயம். ஏத்துறப்ப கையுறை போட்டுக்கிட்டு, கட்டையை ஒரு தட்டு தட்டிட்டு எடுக்கணும். அடுப்புல இருந்து ரெண்டு மீட்டராச்சும் தள்ளி நிறுத்தணும், தணல் தெறிச்சா ரப்பரும் போயிடும் விறகும் போயிடும்.

மொத்தச் செலவு முதல் ரெண்டு சொதப்பலைக் கழிச்சு 260 திர்ஹாம், பிரியாணி தனி. பதினாறு நடை மூணு நடையாச்சு.

என் கணக்குல இல்லாத ஒரு வரி

முதல் நாள் வண்டி ஓடினப்ப நான் மொபைல்ல வீடியோ எடுத்துக்கிட்டு ஒரே துள்ளல். பங்களாதேஷ் தம்பி வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து "அண்ணா, சூப்பர்"னு தமிழ்லயே சொன்னான், மாமா சொல்லிக் குடுத்தது. மாமா மட்டும் பேசல. டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி மெதுவா கேட்டாரு:

"வண்டி நல்லாத்தான் இருக்கு மாப்ள. இதை முதலாளி பாத்தாருன்னா, இதுக்கு எதுக்கு ரெண்டு ஆளுன்னு கேக்க மாட்டாரா?"

எனக்குப் பதில் வரல.

"அவன் ஊர்ல கடன் வாங்கிட்டு வந்திருக்கான்டா. நான் ஆறு வருஷம் ஆச்சு, என்னை வச்சுக்குவாங்க. அவனைத்தான் அனுப்புவாங்க. என் தோளுக்காக அவன் போகணுமா?"

விசை தெரியும், சாய்வுக் கோணம் தெரியும், சக்கரத்தோட தாங்கு எடை தெரியும். இந்த ஒரு கேள்வியை எந்த நோட்டுலயும் எழுதி வைக்கல நான். நானூறு கிலோ விறகுன்னு பாத்தேனே ஒழிய, அது ரெண்டு பேரோட சம்பளம்னு பாக்கல.

தமிழ்நாட்டுல 1973ல கை ரிக்‌ஷாவை ஒழிச்சப்ப, இழுத்தவங்களுக்கு அதுக்குப் பதிலா சைக்கிள் ரிக்‌ஷா குடுத்தாங்கன்னு படிச்சிருக்கேன். சுமையை மட்டும் எடுத்துட்டுப் போகல, கூடவே ஒரு பொழைப்பையும் கையில குடுத்தாங்க. நான் அந்த ரெண்டாவது பாதியை மறந்துட்டேன்.

ஒரு வாரம் வண்டி தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்துச்சு. மாமா பழையபடி தோள்லயே சுமந்தாரு. நான் போன் பண்ணும்போது வண்டியைப் பத்தி ரெண்டு பேருமே பேசல.

அப்புறம் மாமாவே ஒரு வழி கண்டுபிடிச்சாரு. ஒருத்தன் தள்ளணும், ஒருத்தன் முன்னாடி பக்கவாட்டுல நடந்து வழி பாக்கணும், நிலைப்படியில பிடிக்கணும். ரெண்டு ஆள் இல்லாம வண்டியைத் தொடக் கூடாதுன்னு சட்டம் போட்டாரு. பொய்யும் இல்ல. 200 கிலோவைத் தனியா ஒருத்தன் சரிவுல தள்ளுறது நிஜமாவே ஆபத்துதான், முதல் நாள் அந்தக் கட்டை விழுந்ததே சாட்சி. மேனேஜர் கேட்டப்ப என்னைத்தான் முன்னாடி தள்ளினாரு. "இன்ஜினியருக்குப் படிக்கிற பையன், அவனே சொல்றான்." நானும் முகத்தை உம்முன்னு வச்சுக்கிட்டு "ரெண்டு பேர் கட்டாயம் வேணும் சார்"னேன். என் வாழ்க்கையில கொடுத்த முதல் தொழில்நுட்ப ஆலோசனை அதுதான்.

மேனேஜர் தலையாட்டினாரு. ஆளைக் குறைக்கல. ஆனா ரெண்டு வாரம் கழிச்சு, "உங்களுக்குத்தான் இப்ப நேரம் மிச்சமாகுதே"ன்னு அரிசிப் பானை கழுவுற வேலையையும் அவங்க தலையில கட்டிட்டாரு. மிச்சமான நேரம் மாமாவுக்குக் கிடைக்கல. தோள் மட்டும் கிடைச்சுது.

கோவமா வந்துச்சு. மாமாக்கிட்ட பொரிஞ்சேன். "பானை கழுவினா தோள் காய்க்காதுடா"ன்னாரு. அவ்வளவுதான்.

இப்ப யோசிக்கிறப்ப ஒண்ணு புரியுது. 260 திர்ஹாம் அந்தக் கடைக்கு ஒரு பொருட்டே இல்ல. ஆறு வருஷமா யாருக்கும் ஏன் தோணல? வண்டிக்குத்தான் காசு, தோளுக்குக் காசு இல்ல, அதனாலதான். எவ்வளவு சுமந்தாலும் சம்பளம் அதேதான்னா, எத்தனை நடைன்னு எண்ண யாருக்கும் அவசியம் வராது. நான் எண்ணினதுக்குக் காரணம் நான் படிச்ச படிப்பு இல்ல, அது எங்க மாமாவோட தோளுங்கிறதுதான். டேரா க்ரீக் ஓரத்துல தோணிக்குச் சரக்கு ஏத்துறவங்களை எத்தனை தடவை தாண்டிப் போயிருக்கேன். கைவண்டியில தள்ளுறவங்களும் உண்டு, முதுகுல சுமக்குறவங்களும் உண்டு. ஒருத்தரோட நடையைக் கூட எண்ணினதில்ல.

போன வாரம் அத்தை ஊர்ல இருந்து பேசினாங்க. "உங்க மாமா இப்பல்லாம் வலது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியுதுன்னாரு, என்னடா வைத்தியம் பண்ணின?"ன்னாங்க. சக்கர வைத்தியம்னேன். அவங்களுக்குப் புரியல, சிரிச்சாங்க.

வண்டி இப்பவும் ஓடுது. தம்பி அதுக்கு எங்கயோ ஒரு சைக்கிள் மணி தேடிப் புடிச்சு மாட்டியிருக்கான், சந்துல வண்டி வந்தா ட்ரிங் ட்ரிங்னு சத்தம். மாமா மட்டும் இன்னும் காலையில துண்டை நாலா மடிச்சு வலது தோள்ல போட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போறாரு. "எதுக்கு மாமா இன்னும்?"னு கேட்டேன்.

"பழகிருச்சு மாப்ள. இல்லன்னா தோள் காலியா இருக்கிற மாதிரி இருக்கு."

டிஸ்கி 1: அளவு எல்லாம் எங்க சந்துக்கும் எங்க கதவுக்கும் எடுத்தது. உங்க ஊர்ல செய்யறதா இருந்தா முதல்ல கதவை அளந்துட்டுப் பைப்பை வெட்டுங்க. அப்படியே அந்த வேலையை எத்தனை பேர் பாக்குறாங்கன்னும் எண்ணிக்கோங்க.

டிஸ்கி 2: மந்தி சாப்பிடப் போனா பின்பக்கச் சந்தையும் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. மணிச் சத்தம் கேட்டா ஒதுங்கி நில்லுங்க, வர்றது நம்ம வண்டி :-)